தாழ்ப்பாள் எந்தப் பக்கம்: பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் மணமாகாத பெண்களின் தெருக்கள்

திங்கள், ப்ரூஜ்

ரயிலடியிலிருந்து ஊரை நோக்கி நடந்தால் பத்து நிமிடத்தில் கால்வாய் வந்துவிடும். அதன்மேல் சின்னக் கல்பாலம். பாலம் இறங்கும் இடத்தில் 1776 என்று ஆண்டு பொறித்த வாசல். உள்ளே புல்தரை, ஓங்கிய மரங்கள், சுற்றிலும் வெள்ளையடித்த வீடுகள். வளாகத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. ஒரு வீட்டை மட்டும் அருங்காட்சியகமாக்கி, அதற்குச் சிறு தொகை வாங்குகிறார்கள். மாலை ஆறரைக்கு வாசலைச் சாத்திவிடுவார்கள். குதிரை வண்டிக் கூட்டம் வருவதற்கு முன், காலை எட்டு மணி வாக்கில் போய்விடுவது நல்லது.

வழிகாட்டிகள் பலர் இதைக் கன்னியர் மடம் என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். 1927 முதல் இங்கே பெனடிக்ட் சபைத் துறவிகள் இருப்பதால் வரும் குழப்பம் அது. ப்ரூஜும் கென்ட்டும் அடங்கிய ஃபிளாண்டர்ஸ் நாட்டின் கோமகள் மார்கரெட்டின் ஆதரவில் 13ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த வளாகம் எழுந்தபோதும், அதற்குப் பின் பல நூறு ஆண்டுகளும் இங்கே இருந்தவர்கள் பெகின்கள். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, துறவறமும் பூணவில்லை. வளாகத்தில் இருக்கும்வரை கற்பும் கீழ்ப்படிதலும் காப்பதாக வாக்குக் கொடுப்பார்கள். ஆயுளுக்கும் கட்டுப்படுத்தும் சபதம் எதுவும் கிடையாது. சொத்து அவரவருடையது. நாளைக்கே ஒருவன் பெண் கேட்டு வந்து, இவளுக்கும் பிடித்திருந்தால், மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். வயிற்றுப்பாட்டுக்கு அவரவர் உழைக்க வேண்டும்: கம்பளி கழுவுவது, சிக்கெடுப்பது, நூற்பது, லினன் துணி வெளுப்பது, நோயாளியைப் பார்த்துக்கொள்வது, சிறுமிகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவது.

இத்தனை மணமாகாத பெண்கள் எங்கிருந்து வந்தார்கள்? மேற்கு ஐரோப்பாவின் கல்யாண வழக்கத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. 1965இல் ஜான் ஹஜ்னல் என்ற மக்கள்தொகை ஆய்வாளர் த்ரியெஸ்தேயிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்வரை வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு மேற்கே பெண்கள் 24, 25 வயதுக்குமேல்தான் கல்யாணம் செய்தார்கள். பத்தில் ஒருத்தி, சில இடங்களில் ஐந்தில் ஒருத்தி, கடைசிவரை செய்துகொள்ளவே இல்லை. தனி வீடு வைக்க வசதி சேரும்வரை கல்யாணம் இல்லை என்பது ஏழைக்கும் நடுத்தரத்துக்கும் பொது விதி. அதுவரை பெண் வேறொருவர் வீட்டில் வேலைக்காரியாக இருப்பாள். வசதி சேராமலே போனால் ஒண்டிக்கட்டை.

சட்டம் ஒரு விதத்தில் இவர்கள் பக்கம் இருந்தது. கட்டிய பெண் கணவனின் அதிகாரத்துக்குள் போய்விடுவாள். அவன் சம்மதம் இல்லாமல் பத்திரம் எழுத முடியாது, வழக்குப் போட முடியாது. வயதுவந்த மணமாகாத பெண் இரண்டையும் தானே செய்யலாம். இந்தப் பகுதியின் பல ஊர் வழக்கங்களில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. ஆகவே கையில் கொஞ்சம் காசும், பயமில்லாமல் படுக்க ஓர் இடமும் இருந்தால், கல்யாணம் ஆகாதது சட்டப்படி லாபம். இரண்டும் இல்லாதவளுக்கு அந்தச் சட்டத்தால் ஒரு பயனும் இல்லை. இந்தப் பயணத்தில் நாங்கள் பார்க்கப் போவது அந்த ‘ஓர் இடம்’ என்ன பாடுபட்டது என்பதைத்தான்.

செவ்வாய், கோர்ட்ரெய்க் வழியாக கென்ட்

கோர்ட்ரெய்க்கில் அரை நாள் போதும். 17ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டிய 41 சிறு வீடுகள், குறுகலான கல்பாவிய சந்து, ஃபிளாண்டர்ஸ் கோமகள் யோகன்னாவின் சிலை. உலகத்தின் கடைசிப் பெகின் என்று அறியப்பட்ட மார்செல்லா பட்டின் 2013 ஏப்ரலில், 92 வயதில் காலமானது இந்த ஊரில்தான். கிட்டத்தட்டப் பார்வை இல்லாதவர். 1941இல் கென்ட்டில் சேர்ந்து, 1960இல் இங்கே மாறினார்.

கென்ட்டில் பார்க்க வேண்டியவை மூன்று. புனித எலிசபெத் பெயரிலான பழைய பெகின் வளாகம் இப்போது சாதாரணத் தெருவாகிவிட்டது. கவனித்துப் பார்த்தால்தான் பிடிபடும். லாங்க வியலெட்டன் தெருவில் உள்ள சின்ன வளாகம் மதில், வாசல், புல்வெளி எல்லாவற்றுடனும் அப்படியே நிற்கிறது. மூன்றாவது சின்ட்-அமண்ட்ஸ்பெர்க், டாம்போர்ட் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பார்க்க 15ஆம் நூற்றாண்டு போல இருக்கும், ஆனால் 1873, 1874இல் எழுந்த கட்டடங்கள்.

அதன் பின்கதை முக்கியம். 1790களில் பிரெஞ்சுப் புரட்சி அரசு பெல்ஜியத்தை இணைத்துக்கொண்டபோது, பெகின் வளாகங்களைப் பறித்து நகராட்சி ஏழை நிவாரண வாரியங்களிடம் கொடுத்தது. பெண்கள் அதே வீடுகளில் வாடகைக்கு இருக்கலாம், நிலம் அவர்களுடையது அல்ல. 19ஆம் நூற்றாண்டில் கென்ட் நகராட்சி எலிசபெத் வளாக நிலத்தில் தெரு போட நினைத்தது. தடுக்க ஒரு பத்திரமும் இல்லாத பெண்கள் வெளியேற வேண்டியதாயிற்று. ஆரென்பெர்க் கோமகன் ஊருக்கு வெளியே, சின்ட்-அமண்ட்ஸ்பெர்க்கில் நிலம் வாங்கிக் கட்டிக்கொடுத்ததால் தப்பித்தார்கள். வளாகங்களின் அழிவுக்குப் பக்தி குறைந்தது காரணம் என்று பொதுவாக எழுதுவார்கள். பத்திரத்தைப் பார்த்துவிட்டு அப்படி எழுதுவது கஷ்டம்.

எலிசபெத் வளாகத்தைப் பற்றி 1328இல் எழுதிய ஒரு குறிப்பு உண்டு. 1311, 1312இல் வியன் நகரில் கூடிய திருச்சபைப் பேரவை பெகின் வாழ்க்கையைக் கண்டித்துவிட்டது. அதற்கு முன் 1310இல் மார்கெரிட் போரெத் என்ற பெகினைப் பாரிஸில் உயிரோடு எரித்திருந்தார்கள். எனவே ஃபிளாண்டர்ஸ் பெண்கள் குற்றமற்றவர்களா என்று விசாரணை நடந்தது. கென்ட் தரப்பு தந்த விளக்கம் வெளிப்படையானது: தகுதிக்கேற்ற கல்யாணம் அமையாத பெண்கள் நாட்டில் நிறைய, அவர்கள் மானத்தோடு பிழைக்கவே கோமகள்கள் இந்த இடத்தை உண்டாக்கினார்கள் என்று. கடவுள் காட்சி, பரவசம் பற்றியெல்லாம் பேசவில்லை. வரன் பற்றாக்குறையைச் சொல்லி ஜெயித்தார்கள். ஊர் ஊராகச் சுற்றும் பெகினுக்குச் சந்தேகமும் தண்டனையும். மதிலுக்குள் இருப்பவளுக்குப் பாதுகாப்பு. பிறகு வந்த எல்லா வளாகங்களும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டவை.

புதன், லூவன்

ஒரே ஒரு வளாகம்தான் பார்க்க நேரம் என்றால் லூவனின் பெரிய வளாகத்துக்குப் போங்கள். நிலையத்திலிருந்து 25 நிமிட நடை. சுமார் 3 ஹெக்டேர், ஏறத்தாழ 100 வீடுகள், நடுவே டைல ஆறு கிளை பிரிந்து ஓடுகிறது. 17ஆம் நூற்றாண்டில் உச்சத்தில் 360 பெண்கள்வரை இருந்தார்கள். 1962இல் பல்கலைக்கழகம் வாங்கிச் சீரமைத்து மாணவர்களையும் வருகைப் பேராசிரியர்களையும் குடிவைத்தது. எனவே வீட்டுக்குள் போக முடியாது. வெளியிலிருந்தே படிக்க நிறைய இருக்கிறது.

தெருப்பக்கச் சுவரைப் பாருங்கள். பல வீடுகளில் தரைத்தளத்தில் தெருவை நோக்கி ஜன்னலே இல்லை. அல்லது தோட்ட மதில் முன்னால் நின்று மறைக்கிறது. வெளிச்சம் உள் தோட்டத்திலிருந்து வரும். வீடுகளுக்கு அப்போது எண் கிடையாது. புனிதர் பெயரோ வேதாகமக் காட்சியின் பெயரோ இருக்கும். செங்கல் சுவரில் துருத்தும் இரும்புப் பிடிகள் சிலவற்றை எண் வடிவில் அடித்திருக்கிறார்கள். சேர்த்துப் படித்தால் கட்டிய ஆண்டு. பெரும்பாலும் 1630 முதல் 1670க்குள் வரும். 16ஆம் நூற்றாண்டின் மதப் போர்களில் மரச்சட்ட வீடுகள் பாழாகி, ஓய்ந்தபின் செங்கலில் கட்டியதால் இப்படி. தேவாலய வாசலில் 1305 என்ற ஆண்டு இருக்கிறது. கோபுரம் கிடையாது, கூரைமேல் சின்ன மணிக்கூடு மட்டும்.

வீடு யாருக்கு, எப்படிக் கிடைத்தது? புதிதாக வருபவளுக்கு வீடு கிடையாது. முதலில் வளாகத்துக்குள்ளேயே உள்ள கூட்டு இல்லத்தில் ஒரு தலைவியின்கீழ் சில ஆண்டுகள் இருக்க வேண்டும். பிறகு காசு உள்ளவள் ஒரு வீட்டின் ஆயுள் உரிமையை வாங்குவாள். சொந்தச் செலவில் இடித்துக் கட்டினால், தனக்குப் பின் இன்னொரு பெகினின் ஆயுளுக்கும் சேர்த்து உரிமை எழுதிக்கொள்ளலாம்; தங்கை, அக்காள் மகள் என்று சொந்தத்தில் ஒருத்தியைக் காட்டுவார்கள். அந்த ஆயுளும் முடிந்ததும் வீடு வளாகத்துக்கே திரும்பிவிடும், அடுத்தவளுக்கு விற்பார்கள். ஆயுள் உரிமையை வெளியே உள்ள வாரிசுக்கு எழுதிவைக்க முடியாது.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் அந்தக் கடைசி வரியில். அண்ணன் தம்பிகள் பங்கு கேட்டு நுழைய வழியில்லை, அதனால் வளாகம் துண்டுபடவில்லை. ஒவ்வொரு மரணத்திலும் பொதுப்பணத்துக்கு வரவு. அதிலிருந்து தேவாலயச் செலவு, நோயகச் செலவு. குறையும் இதிலேயே இருக்கிறது. வாங்க முடியாதவள் கூட்டு இல்லத்திலேயே கிழவியாவாள், அல்லது பணக்காரப் பெகினின் வீட்டில் ஓர் அறைக்கு வாடகை கொடுப்பாள். வேலை செய்ய முடியாமல் போனால் பரிசுத்த ஆவி மேசை என்ற ஏழை நிதியிலிருந்து ரொட்டியும் விறகும். உள்ளேயும் பணக்காரி, ஏழை உண்டு. மதில் அதைச் சமன் செய்யவில்லை.

கூட்டு இல்லத்து வாழ்க்கை எப்படி என்பதற்கு ஓர் அலமாரி சாட்சி. பெகின் வாழ்க்கையைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகங்களில், குறிப்பாக டர்ன்ஹவுட்டில் தேடுங்கள். ஆளுயரத்துக்குக் குறைவான ஒடுக்கமான மர அலமாரி. ஒரு தட்டு உணவுக்கு, ஒன்று பாத்திரத்துக்கு. நடுவில் ஒரு பலகையை இழுத்தால் சின்ன மேசையாக வெளியே வரும். சாப்பாட்டுக் கூடத்தில் இப்படி ஆளுக்கு ஓர் அலமாரி, சுவரோரம் வரிசையாக. ஒவ்வொருத்தியும் தன் பலகையை இழுத்து, அலமாரியைப் பார்த்தபடி, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி, தான் சம்பாதித்ததைத் தான் சாப்பிடுவாள். ஒரே கூரை, பத்து அடுப்படி. ஒருத்தி வெண்ணெய் தடவுகிறாளா, வெறும் ரொட்டியா என்பது அடுத்தவளுக்குத் தெரியாது. மானம் காக்கும் தச்சுவேலை என்றே சொல்லலாம்.

வியாழன், மெக்கலன்

மெக்கலனில் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1,500க்கு மேற்பட்ட பெகின்கள் இருந்தார்கள். ஒரு சிறு நகரமே. அது ஊர் மதிலுக்கு வெளியே இருந்தது. ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சியில் தரைமட்டமானது. அமைதி திரும்பியபின் பெண்கள் மதிலுக்குள் இருந்த வீடுகளை வாங்கிக் குடியேறினார்கள். அதனால் இந்த வளாகத்துக்கு லூவன் போல ஒழுங்கான எல்லை இல்லை. ஊர்த் தெருவும் பெகின் தெருவும் கலந்து கிடக்கும். 1629 முதல் 1647வரை கட்டிய தேவாலயம் மட்டும் ஆடம்பரம்: பரோக் முகப்பு, கிட்டத்தட்ட ஒரு பேராலயத்தின் மிடுக்கு.

மெக்கலன் என்றால் லேஸ். 17ஆம் நூற்றாண்டுக்குள் கம்பளித் தொழில் தேய்ந்து, மணமாகாத பெண்களின் கை லேஸ் தலையணைக்கு மாறிவிட்டது. செய்முறையைக் கண்ணால் பார்க்க ப்ரூஜ் லேஸ் மையம்தான் வசதி. பிற்பகலில் செய்து காட்டுவார்கள். திங்கட்கிழமை அங்கே பார்த்ததை இங்கே சேர்க்கிறோம், ஏனென்றால் விஷயம் இந்த ஊருடையது.

கெட்டியாக அடைத்த தலையணை. அதன்மேல் வடிவத்தைத் துளையிட்ட தோல்தாள். ஒவ்வொரு நூல் முனையிலும் விரல் நீள மரக் கட்டை, அதாவது பாபின்; இரண்டிரண்டு ஜோடியாகத்தான் வேலை. ஒரு நேரத்தில் கையில் நான்கு நூல். அசைவுகள் இரண்டே. நடுவில் உள்ள இரண்டில் இடது நூலை வலதின்மேல் போடுவது குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலது நூலை இடதின்மேல் போடுவது முறுக்கு. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்றால் துணி போல அடர்த்தியான பின்னல். குறுக்கு, முறுக்கோடு நிறுத்தினால் சல்லடைப் பின்னல். பின்னல் நழுவாமலிருக்கத் துளையில் குண்டூசி. மெக்கலன் லேஸின் அடையாளம் பூவின் விளிம்பில் ஓடும் சற்றே தடித்த நூல். பூவும் வலையும் ஒரே ஓட்டத்தில் வர வேண்டும், தனித்தனியாகச் செய்து தைப்பதில்லை. அகலம் கூடினால் பாபின் எண்ணிக்கை நூறுகளில் போகும்.

ஒரு முறுக்கு விட்டுப்போனால் அந்த இடத்தில் தெரியாது. சில வரிசைக்குப் பிறகு கண்ணி சாய்ந்து காட்டிக்கொடுக்கும். பிறகு அத்தனை வரிசையையும் தலைகீழ் வரிசையில் பிரிக்க வேண்டும். ஆளிநார் நூல் மிக மெல்லியது, உலர்ந்த காற்றில் அறுந்துவிடும்; ஆகவே ஈரமான நிலவறையில் உட்கார்ந்தார்கள். ஈரத்தில் இரும்பு ஊசி துருப்பிடித்து வெள்ளையைக் கறையாக்கும். ஆகவே பித்தளை ஊசி. அடுப்புப் புகையும் வெள்ளைக்கு ஆகாது. குளிர்காலத்தில் காலடியில் தணல் வைத்த பெட்டி ஒன்றே கதகதப்பு. இருட்டியதும் ஒரு மெழுகுவர்த்தி, அதன் முன் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவை. ஒளியைக் குவித்துத் தலையணைமேல் விழவைக்க. பல பெண்கள் ஒரே மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்காருவார்கள். கண் போவது தொழிலோடு வந்த நோய்.

கூலி? நூலும் வடிவத்தாளும் வியாபாரியுடையவை. முன்பணமும் அவனே. அந்தக் கடன் தீரும்முன் அடுத்த வடிவம் வந்துவிடும். பெகினுக்கு வீட்டு வாடகைக் கவலை குறைவு என்பதால் இந்தக் கூலியில் காலம் தள்ள முடிந்தது. ஊரில் வாடகை அறையில் இருந்த தனிப்பெண்ணுக்கும் அதே கூலிதான். கணக்கு அவளுக்குத்தான் உதைத்தது.

வெள்ளி, ஆம்ஸ்டர்டாம்: உள்பக்கத் தாழ்ப்பாள்

ஸ்பௌ சதுக்கத்தை ஒட்டித்தான் பெகின் வளாகம். உள்ளே தரை, சுற்றியுள்ள தெருவைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்வு. நகரம் தெருக்களை மேடாக்கியபோது இங்கே இடைக்காலத் தரைமட்டம் அப்படியே நின்றுவிட்டது. 34ஆம் எண் மரவீடு 1528 வாக்கில் கட்டியது. இன்றும் குடியிருப்பவர்கள் தனியாக வாழும் பெண்கள். கடைசிப் பெகின் 1971இல் காலமானார். குரலைத் தாழ்த்துங்கள், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். மாலைக்குமேல் அனுமதி இல்லை.

1578இல் நகரம் புராட்டஸ்டன்ட் கைக்குப் போனது. மடங்களை எல்லாம் நகராட்சி எடுத்துக்கொண்டது. இந்த வளாகம் மட்டும் தப்பியது, காரணம் வீடுகள் பெண்களின் தனிச்சொத்து. தேவாலயம் பறிபோனது; 1607 முதல் அது ஆங்கிலேயச் சீர்திருத்த சபையிடம். எதிரே இரண்டு வீடுகளை உள்ளே இணைத்து 1671க்குப் பின் ஒரு கத்தோலிக்க ஆலயம் கட்டினார்கள். வெளியே பார்த்தால் வீடு மாதிரியே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்றும் உள்ளே போய்த்தான் அது ஆலயம் என்று தெரியும். 1654இல் இறந்த கோர்னேலியா ஆரென்ஸ், புராட்டஸ்டன்ட் ஆன தேவாலயத்துக்குள் புதைக்க வேண்டாம், வெளியே சாக்கடை ஓரத்தில் போதும் என்றார். அந்த இடத்தில் கல் இருக்கிறது.

கென்ட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கத்தோலிக்க நாட்டில் பத்திரம் இல்லாமல் வெளியேறினார்கள். புராட்டஸ்டன்ட் நகரில் பத்திரம் இருந்ததால் நின்றார்கள்.

சனி, ஆம்ஸ்டர்டாம்: வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

பெகின் வளாகத்திலிருந்து கால்மணி நடையில் ஸ்பின்ஹைஸ் தெரு. 1597இல் பழைய உர்சுலா மடத்தில் தொடங்கிய பெண்கள் சிறை, நூற்புச் சாலை. 1643இல் எரிந்து 1645இல் திரும்ப எழுந்தது. வாசலுக்குமேல் சாட்டை ஓங்கிய பெண்ணின் சிற்பம். கீழே கவிஞர் ஹோஃப்ட் எழுதிய வரிகள். பயப்படாதே, பழிவாங்கவில்லை, நல்வழிக்குத் தள்ளுகிறேன். கை கடுமை, மனம் கனிவு என்பது பொருள். காசு கொடுத்தால் யாரும் உள்ளே போய்க் கைதிகள் நூற்பதையும் தைப்பதையும் வேடிக்கை பார்க்கலாம். ஊரின் சுற்றுலா இடங்களில் இதுவும் ஒன்று.

உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் உள்ள மணமாகாத பெண்கள். திருட்டு, விபசாரம், பிச்சை, ஊர்விலக்கை மீறியது. வடக்கு ஜெர்மனியிலிருந்தும் நார்வேயிலிருந்தும் வேலைக்காரிகளாக வந்தவர்கள் நிறைய. துறைமுகத்தில் ஆண்கள் குறைவு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்களில் இரண்டு நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் ஆசியாவுக்குக் கிளம்பினார்கள், பெரும்பகுதி திரும்பவில்லை. 1610 முதல் பழவேற்காட்டிலும், 1658 முதல் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் காவல் நின்ற சிப்பாய்களில் பலர் இந்தத் துறையிலிருந்து போனவர்கள்தான்.

சறுக்கல் எப்படி நடந்தது? வேலைக்காரிக்குச் சம்பளத்தோடு சோறும் படுக்கையும். வேலை போனால் மூன்றும் ஒரே நாளில் போகும். பிறகு தையல், பின்னல், நூற்பு, வாடகைக்கே போதாது. இசைக்கூடம், அதாவது பாட்டும் மதுவும் விபசாரமும் நடக்கும் விடுதி, நடத்தும் பெண் நல்ல உடையும் தங்க இடமும் கொடுப்பாள், எல்லாம் கடன் கணக்கில். உடையோடு ஓடினால் திருட்டு வழக்கு. கர்ப்பமானால் இன்னொரு நடைமுறை: பிரசவ வலியின் உச்சத்தில் மருத்துவச்சி தகப்பன் பெயரைக் கேட்க வேண்டும், அந்த வேளையில் பொய் வராது என்பது நம்பிக்கை. பெயர் வந்தால் பிரசவச் செலவுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் வழக்குப் போடலாம். அவன் கப்பலேறியிருந்தால் அந்தப் பெயரால் என்ன பயன்?

வேறு வழி தேடியவர்களும் உண்டு. பிரேடாவில் 1719இல் பிறந்த மரியா வான் ஆண்ட்வெர்பன், அனாதை, வேலை இழந்த வேலைக்காரி. 1746இல் ஆண் உடை போட்டு, யான் என்ற பெயரில் பட்டாளத்தில் சேர்ந்தார். சிப்பாய்க்குச் சோறும் கூரையும் உறுதி. 1751இலும் 1769இலும் பிடிபட்டு இரண்டு முறையும் விசாரணை, ஊர்விலக்கு.

இந்தப் பெண்களைத் தேட விரும்பினால் நகர ஆவணக்காப்பகத்துக்குப் போங்கள், வெய்சல் தெரு 32. கைதானவர்கள் விசாரணையில் சொன்னதைப் பதிந்த வாக்குமூலப் புத்தகங்களை ஸ்கேன் செய்து இணையத்திலும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பதிவும் பெயர், வயது, பிறந்த ஊர், தொழில் என்று தொடங்கும். குடும்பப் பெயர் பலருக்குக் கிடையாது. தகப்பன் பெயர்தான் ஒட்டியிருக்கும், அதுவும் எழுத்தருக்கு எழுத்தர் மாறும். எனவே முன்பெயரோடு பிறந்த ஊரைச் சேர்த்துத் தேடுங்கள். பதிவின் ஓரத்தில் சிறு எழுத்தில் பழைய பக்க எண்கள் இருந்தால் விடாதீர்கள்: அதே பெண்ணின் முந்தைய கைதுகள் அங்கே இருக்கும்.